பிஸ்மி சொல்லிவிட்டால் போதுமா?

அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் ஒவ்வொருவராகக் கலைந்துகொண்டிருந்த நேரம். எங்கள் மஹல்லாவில் கோழிக்கறிக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் மட்டும் ஹவுளின் ஓரத்திலே தயங்கி நின்றார். ஹஜ்ரத் அவர்கள் வெளியே வந்ததும் ஸலாம் சொல்லி, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கவேண்டும்" என்றார். அருகிலிருந்த நான் எழுந்து போக முற்பட்டபோது, "நீங்களும் இருங்கள் காக்கா, ஒளிக்கவேண்டிய விஷயமில்லை" என்று அவரே அமர்த்திவிட்டார்.

அவருடைய உம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து, பக்கத்து டாக்டர் கொடுத்த மாத்திரைகளைச் சாப்பிட்டும் குறையவில்லை. வேறு மாத்திரை கொடுத்தார்கள், அதற்கும் கேட்கவில்லை. காய்ச்சல் ஏறி நினைவு தடுமாறத் தொடங்கியதும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே சிறுநீரைச் சோதித்து ஒரு தாளைக் கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்த அந்தத் தாளில், பெரும்பாலானவற்றுக்கு எதிரே, இந்தக் கிருமியிடம் இம்மருந்து செல்லாது என்ற குறிப்பே இருந்தது. செல்லும் என்றிருந்தவை இரண்டே இரண்டு. அவையும் நரம்பின் வழியே ஏற்றவேண்டிய ஊசி மருந்துகள். பத்து நாட்கள் ஏற்றினார்கள். அல்லாஹ்வின் அருளால் உம்மா பிழைத்து எழுந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் இளம் டாக்டர் ஒருவர், "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். கோழிக்கடை என்றதும், "உயிர்க்கோழியையும் பச்சை இறைச்சியையும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போங்கள் பாய், இப்படிப்பட்ட கிருமிகள் கோழியின் குடலிலும் இருக்கின்றன" என்றிருக்கிறார். அப்படியானால் உம்மாவுக்கு வந்தது என் கடையிலிருந்துதானா என்று இவர் பதறிக் கேட்க, "அதை யாராலும் சொல்ல முடியாது" என்று பதில் வந்திருக்கிறது.

"ஹஜ்ரத், இருபது வருடமாக ஒரு கோழியைக்கூட நான் பிஸ்மி சொல்லாமல் அறுத்ததில்லை. என் பிழைப்பு ஹலாலானதுதானே?" இதைக் கேட்கும்போது அவருடைய குரல் கம்மிவிட்டது.

ஹஜ்ரத் அவர்கள் சற்று நேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு, "தம்பி, உங்கள் அறுப்பில் குறையில்லை. ஆனால் நீங்கள் கேட்பது அறுப்பைப் பற்றிய மஸ்அலா அல்ல. அறுப்புக்கு முன்னால் நடந்ததைப் பற்றிய மஸ்அலா. அதைத்தான் நாம் யாருமே கேட்பதில்லை" என்றார்கள்.

அன்று அவர்கள் சொன்னவற்றையும், பின்னர் நான் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றையும் வாசக சகோதர சகோதரிகளின் சிந்தனைக்கு வைக்கிறேன்.

இரண்டு சொற்கள்

உணவைப் பற்றித் திருமறை பேசும் இடங்களில் ஹலால் என்னும் சொல்லோடு தய்யிப் என்னும் சொல்லும் சேர்ந்து வருவதைப் பலமுறை காணலாம். அல்பகரா அத்தியாயத்தின் 168ஆவது வசனத்தில் இவ்விரண்டு சொற்களும் இணைந்தே வருகின்றன. அவ்வசனம் விசுவாசிகளை மட்டும் விளிக்கவில்லை. மனிதர்கள் அனைவரையும் விளிக்கிறது. ஹலால் என்பது அனுமதிக்கப்பட்டது. தய்யிப் என்பது தூய்மையானது, நல்லது, உடலுக்கும் உள்ளத்துக்கும் கேடு செய்யாதது.

முதற்சொல்லில் நாம் மிகக் கவனமாக இருக்கிறோம். வெளியூருக்குப் போனால் பசியோடு கிடந்தாலும், "இது ஹலால் கடைதானா?" என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகே உட்காருகிறோம். மெச்சத்தக்க பழக்கந்தான். ஆனால் அந்தக் கோழி என்ன தின்று வளர்ந்தது, எத்தகைய இடத்தில் அடைபட்டுக் கிடந்தது, அதன் உடம்பில் என்னென்ன ஏற்றப்பட்டது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கத்தி கழுத்தில் படும் நேரம் சில விநாடிகள். அதற்கு முன்பு கறிக்கோழி சுமார் நாற்பது நாட்கள் உயிர் வாழ்ந்திருக்கிறது. அந்தச் சில விநாடிகளுக்கு நாம் காட்டும் பேணுதலில் ஒரு பங்கையேனும் அந்த நாற்பது நாட்களுக்குக் காட்டியதுண்டா?

தீவனத்தில் கலந்த மருந்து

பெனிசிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928இல் கண்டறிந்தார். நிமோனியாவும் இரத்தத்தில் நஞ்சேறுதலும் எண்ணற்ற குடும்பங்களில் எமனாக இருந்த காலம் அது. அந்த மருந்தும் அதைத் தொடர்ந்து வந்த ஆன்டிபயாட்டிக் மருந்துகளும், படைத்தவன் மனிதகுலத்துக்கு மண்ணிலும் பூஞ்சணத்திலும் ஒளித்து வைத்திருந்த பெரும் நிஃமத்துகள் என்று சொன்னால் மிகையாகாது.

1948இல் அமெரிக்காவில் தாமஸ் ஜுக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் கோழிக்குஞ்சுகளின் தீவனத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்னும் மருந்தைத் தயாரித்தபின் எஞ்சிய சக்கையைத் தின்ற குஞ்சுகள் மற்றவற்றைவிட வேகமாக வளர்வதைக் கண்டார்கள். அதில் ஒட்டியிருந்த சிறிதளவு மருந்தே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. 1951இல் அந்நாட்டு அரசு, கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமலே இம்மருந்துகளைத் தீவனத்தில் கலக்க அனுமதித்தது. நோயாளிக்கென்று வந்த மருந்து, நோயற்ற கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் அன்றாட உணவாகிவிட்டது. ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகளை நெருக்கி அடைத்து வளர்க்கும் முறை பரவியபோது, காற்றும் வெளிச்சமும் சுத்தமும் செய்யவேண்டிய வேலையை மருந்தே செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இதில் என்ன தீங்கு? கோழியின் குடலில் கோடானுகோடிக் கிருமிகள் வாழ்கின்றன. சிறிது சிறிதாக மருந்து போய்க்கொண்டிருந்தால், அதற்கு மடியும் கிருமிகள் மடிகின்றன. ஏதோ ஒரு காரணத்தால் மருந்தைத் தாங்கிக்கொள்ளும் கிருமிகள் மட்டும் எஞ்சுகின்றன. இ.கோலை என்னும் குடற்கிருமி, வசதியான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். மடிந்தவற்றின் இடத்தையெல்லாம் தாங்கிக்கொண்டவற்றின் சந்ததியே பிடித்துக்கொள்ளும். இதைவிடக் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. தாங்கும் வித்தையைக் கிருமிகள் தம் சந்ததிக்கு மட்டும் விட்டுச் செல்வதில்லை. அருகிலிருக்கும் வேறு இனக் கிருமிக்கும், ஓலையில் எழுதிக் கைமாற்றுவதைப்போலக் கொடுத்துவிடுகின்றன.

இதை வெட்டவெளிச்சமாக்கிய ஆராய்ச்சியை அமெரிக்காவின் ஸ்டூவர்ட் லெவி என்னும் மருத்துவர் 1976இல் வெளியிட்டார். ஒரு பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் இன மருந்து கலந்த தீவனம் போடப்பட்டது. ஒரே வாரத்தில் அக்கோழிகளின் குடற்கிருமிகள் ஏறத்தாழ முழுவதும் அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிட்டன. ஐந்தாறு மாதங்களுக்குள் அப்பண்ணையில் குடியிருந்த மனிதர்களிடமும் மாற்றம் தெரிந்தது. வாரந்தோறும் அவர்களிடம் எடுத்த மல மாதிரிகளில் 31.3 விழுக்காட்டில், பத்தில் எட்டுப் பங்குக்கு மேற்பட்ட கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக இருந்தன. அக்கம்பக்கத்தாரிடம் எடுத்த மாதிரிகளில் அந்த அளவு 6.8 விழுக்காடே. மருந்து போடப்பட்டது கோழிக்கு. மாறியது மனிதனின் குடல்.

இன்று அக்கிருமிகள் நம்மை வந்தடையப் பல வழிகள் இருக்கின்றன. பண்ணையில் வேலை செய்பவரின் கை ஒரு வழி. வயலுக்கு எருவாகப் போகும் கோழிக்கழிவு ஒரு வழி. கழிவு கலந்த வாய்க்கால் நீர் ஒரு வழி. கடையிலே இறகு பிடுங்கும் இயந்திரமும், கறி வெட்டும் கட்டையும், நம் வீட்டு அரிவாள்மனையும் இன்னொரு வழி.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியதற்குப் பண்ணை மட்டுமே காரணமல்ல. சளிக்கும் வெறுங்காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் விழுங்கும் பழக்கம், கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் பழக்கம், சீட்டில்லாமல் மருந்துக் கடையில் வாங்கும் பழக்கம் ஆகியவை பெருங்காரணங்கள். பண்ணையின் பங்கு அவற்றோடு வந்து சேர்கிறது.

பன்றிக்கு வந்ததும் நமக்கு வந்ததும்

"மேல்நாட்டார் பன்றிக்கும் மாட்டுக்கும் கொடுத்ததைப் பற்றி நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். கொலிஸ்டின் என்னும் மருந்தின் கதையைக் கேட்டால் இந்தக் கேள்வி எழாது.

கொலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதற்காக மருத்துவர்கள் அதைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மற்ற மருந்துகளெல்லாம் தோற்கத் தொடங்கியபோது, கடைசிப் புகலிடமாக அதை மீண்டும் எடுத்தார்கள். மனிதனுக்குக் கடைசி மருந்தாக இருந்த அதே மருந்து, கால்நடைப் பண்ணைகளில் வளர்ச்சிக்காக டன் கணக்கில் தீவனத்தில் கொட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் ஓர் அதிர்ச்சியான செய்தியை வெளியிட்டார்கள். கொலிஸ்டினை எதிர்க்கும், ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடிய மரபணு ஒன்றைப் பன்றியிடம் எடுத்த கிருமியில் கண்டிருந்தார்கள். தேடிப் பார்த்தபோது கடைகளில் விற்ற பன்றி இறைச்சியிலும் கோழி இறைச்சியிலும், ஆஸ்பத்திரி நோயாளிகளிடத்தும் அது இருந்தது. தொடர்ந்து பல நாடுகளில் தேடியவர்களும் அதைக் கண்டார்கள்.

நாம் பன்றியைத் தொடாதவர்கள். ஆனால் கிருமிக்கு நம் விலக்கல் தெரியாது. பன்றிக் குடலில் பிறந்த வித்தை கோழியின் குடலுக்கும், கோழியிடமிருந்து மனிதனுக்கும் செல்லத் தடையேதும் இல்லை. சீனா 2017இல் கொலிஸ்டினைத் தீவனத்தில் கலப்பதை நிறுத்தியது. இந்திய அரசு 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கப்படும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் அதைக் கொடுப்பதைத் தடை செய்தது.

நம் நாட்டு நிலையைக் காட்டும் மற்றொரு செய்தி: டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் தலைநகர் வட்டாரத்திலிருந்து 70 கோழி இறைச்சி மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அவற்றில் 40 விழுக்காட்டில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. நம் தமிழகத்திலும் இதைப் பற்றிக் குரல் எழாமலில்லை. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவர்கள், இம்மருந்துகளின் கட்டற்ற பயன்பாட்டுக்கு எதிராக வெளியிட்ட சென்னைப் பிரகடனம் உலக மருத்துவ ஏடுகளில் பேசப்பட்டது. அதை முன்னின்று ஒருங்கிணைத்தவர் டாக்டர் அப்துல் கஃபூர்.

இந்தத் தீங்கின் அளவு என்ன? 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பிறந்த குழந்தைகள் உண்டு. பிரசவித்த தாய்மார்கள் உண்டு. நம் கடைக்காரச் சகோதரரின் உம்மாவைப் போன்ற முதியவர்களும் உண்டு.

குற்றவாளி யார்?

இனித்தான் மஸ்அலாவின் கடினமான பகுதி வருகிறது.

ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் கதையைச் சொன்னார். தொண்டைவலி கண்ட ஒருவர் பெனிசிலினைத் தாமே வாங்கிப் போதிய அளவு சாப்பிடாமல் விடுகிறார். அவர் உடம்பிலுள்ள கிருமி மடியாமல் மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அது அவருடைய மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா வருகிறது. பெனிசிலின் கொடுத்தும் பலனில்லாமல் இறந்துபோகிறாள். இந்த மரணத்துக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டு, அலட்சியமாக மருந்தைப் பயன்படுத்திய கணவனே என்று ஃபிளெமிங் விடையும் சொன்னார்.

அந்தக் கதையில் கொன்றவனும் தெரிகிறான், இறந்தவளும் தெரிகிறாள். நம் காலத்துக் கதையில் அப்படியில்லை. தீவனம் தயாரித்தவர், மருந்து விற்றவர், ஒப்பந்தத்தில் குஞ்சு கொடுத்த கம்பெனி, வளர்ப்புக் கூலிக்கு வளர்த்த விவசாயி, ஏற்றி வந்த லாரிக்காரர், அறுத்த கடைக்காரர், ஐந்து ரூபாய் குறைவு என்று அங்கே வாங்கிய நாம் ஆகிய இத்தனை பேரும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்திருக்கிறோம். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அணு அளவே இருக்கிறது. மறுபுறத்தில், எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் நாம் என்றுமே சந்திக்கப்போகாத ஒருவருக்கு மருந்து கேட்காமல் போகிறது. எந்தக் கோர்ட்டும் இந்த இரண்டு முனைகளையும் இணைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த டாக்டர் சொன்னதுபோல, யாராலும் சொல்ல முடியாது.

நிரூபிக்க முடியாததால் பொறுப்பும் இல்லாமல் போகுமா? இதுவே நம் முன்னுள்ள கேள்வி.

இவ்வுலகக் கோர்ட்டோடு கணக்கு முடிகிறது என்று நம்புகிறவருக்கு, இல்லை என்பது பதிலாக இருக்கலாம். அணு அளவு நன்மையும் அணு அளவு தீமையும் காட்டப்படும் நாள் ஒன்று உண்டு என்று நம்புகிற நாம் அப்படிச் சொல்ல இயலாது. மேலும், அல்லாஹ்வுக்குச் செய்யவேண்டியதில் குறை வைத்தால் அவனிடம் மன்றாடலாம். அடியார்களின் ஹக்கில் கைவைத்தால் உரியவர் மன்னிக்கவேண்டும் என்பது நம் மார்க்கத்தின் பாடம். உரியவர் யாரென்றே தெரியாத கடனை எப்படித் தீர்ப்பது? தீர்க்க வழி தெரியாத கடனை வாங்காமலிருப்பதே அறிவுடைமை.

புகாரியில், நுஃமானிப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் கப்பலின் உவமையை நாம் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். ஒரே கப்பலில் சிலருக்கு மேல்தட்டும் சிலருக்குக் கீழ்த்தட்டும் கிடைக்கின்றன. கீழேயிருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே போய் வரவேண்டியிருக்கிறது. மேலேயிருப்பவர்களுக்குத் தொல்லை தராமல், நம் பகுதியிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொண்டால் என்ன என்று நினைக்கிறார்கள். அவர்களைத் தடுக்காமல் விட்டால் எல்லோரும் மூழ்குவர். தடுத்தால் எல்லோரும் பிழைப்பர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஓட்டை போட நினைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவர்கள் கேட்டது தண்ணீர். அதுவும் தங்கள் இடத்தில். பண்ணைக்காரர் கேட்பதும் தம் கொட்டகையில் நாலு குஞ்சு சாகாமல் பிழைக்கவேண்டும் என்பதுதான். ஆனால் மருந்தின் வலிமை என்பது ஒரு தனிமனிதனின் சொத்தல்ல. கப்பலின் அடிப்பலகையைப்போல எல்லோருக்கும் பொதுவானது. அதில் ஓட்டை விழுந்தால் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்ற வேறுபாடு நிற்காது.

மறுப்புகளும் விடைகளும்

"நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடுமே" என்பார்கள். உண்மைதான். மருந்துக்கு அடங்காத கிருமியும் நெருப்புக்கு அடங்கும். இறைச்சியின் உட்பகுதி 70 டிகிரி செல்சியஸ் சூட்டை அடையும்படி வேகவைத்தால் போதும். நம் வீட்டு ஆணத்துக்கும் பிரியாணிக்கும் அந்தச் சூடு தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் சட்டி அடுப்பிலே ஏறுமுன், பச்சைக்கறி தொட்ட கையாலேயே வெங்காயம் நறுக்குகிறோமே, அந்தப் பலகையிலேயே வெள்ளரிக்காயும் அரிகிறோமே, அதற்கு எந்த நெருப்பு? அன்றியும், பண்ணையிலிருந்து வாய்க்காலுக்கும் வயலுக்கும் போய்விட்ட கிருமியை நம் அடுப்பு எட்டிப் பிடிக்காது.

"ஆட்டுக்கறி வாங்க வழியில்லாத ஏழைக்குக் கோழிதானே சத்துணவு? மருந்தை நிறுத்தினால் விலை ஏறாதா?" என்ற கேள்வி மதிக்கத்தக்கது. ஆனால் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. ஸ்வீடன் 1986லேயே வளர்ச்சிக்காக மருந்து கலப்பதைத் தடை செய்தது. டென்மார்க் 1990களின் இறுதியில் அதைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் அது நின்றது. டென்மார்க்கின் அனுபவத்தை உலக சுகாதார அமைப்பின் நிபுணர்கள் ஆராய்ந்தபோது, கோழி வளர்ப்புக்குப் பெரிய நட்டம் ஏதும் ஏற்படவில்லை என்றே கண்டார்கள். மேலும், மலிவான கோழியில் மிச்சம் பிடித்த ஏழை, பத்து நாள் ஊசிக்குக் கொடுக்கும் பணத்தை யார் கணக்கில் எழுதுவது? வாயில்லாத ஏழையின் தலையில்தான் இந்தக் கடன் கடைசியில் விழுகிறது.

"நோய் வந்த கோழியைச் சாகவிடச் சொல்கிறீர்களா?" என்றும் கேட்கலாம். ஒருபோதும் இல்லை. வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் செய்வது கருணை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்குப் பாவமன்னிப்பு கிடைத்ததாகக் கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம். நோய் கண்ட பிராணிக்கு மருத்துவர் சொல்லி, சொன்ன அளவில், சொன்ன நாட்கள் மருந்து கொடுப்பது வேறு. நோயில்லாத மந்தைக்குத் தினந்தோறும் தீவனத்தில் கலந்து போடுவது வேறு. முன்னது சிகிச்சை, பின்னது அசுத்தத்தையும் நெருக்கடியையும் மறைக்கும் திரை. வளர்ச்சிக்காகவும், நோய் காணாதபோது தடுப்புக்காகவும் இம்மருந்துகளைக் கொடுக்கவேண்டாம் என்று 2017இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்ததும் இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

மூன்று நாள் கட்டி வைத்த கோழி

அன்று ஹஜ்ரத் அவர்கள் எடுத்துச் சொன்ன ஒரு சட்டத்தை நான் அதற்கு முன் இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. ஃபிக்ஹு நூல்களில் ஜல்லாலா என்று ஒரு சொல் வருகிறது. அசுத்தத்தைத் தின்று வளரும் பிராணி என்பது அதன் பொருள். அதன் இறைச்சியையும் பாலையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு உண்டு. அது ஹராமா, மக்ரூஹா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அதைச் சில நாட்கள் கட்டி வைத்துச் சுத்தமான தீனி போட்டு, அதன் உடம்பு தெளிந்தபின் உண்ணவேண்டும் என்ற முறையை நம் நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. கோழிக்கு மூன்று நாள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

சிந்தித்துப் பாருங்கள். ஜல்லாலா என்பது பன்றியல்ல, செத்த பிராணியுமல்ல. உண்ண அனுமதிக்கப்பட்ட அதே ஆடு, அதே கோழி. அறுப்பவர் முஸ்லிம்; பிஸ்மியும் உண்டு. அப்படியிருந்தும், அது என்ன தின்றது என்று மார்க்கம் கேட்கிறது. அறுப்புக்கு முந்திய நாட்களும் மார்க்கத்தின் விசாரணைக்கு உட்பட்டவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்றைய கால்நடை மருத்துவமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும், கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து இத்தனை நாள் கழித்தே அறுக்கவேண்டும் என்று தவணை குறித்திருக்கிறார்கள். உடம்பிலிருந்து மருந்து வடிவதற்கான தவணை அது. சந்தையில் விலை ஏறும் நாளில் அந்தத் தவணையை மீறத் தூண்டும் ஆசை எவருக்கும் வரும்.

மருந்து கலந்த தீவனத்தை ஜல்லாலாவோடு சேர்த்துக் கியாஸ் செய்து ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. அது உலமாக்களின் பொறுப்பு. இங்கே ஒரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. காத்திருந்தால் எச்சம் போகும். ஆனால் அதற்குள் உருவாகிவிட்ட கிருமி போகாது. ஆகவே காத்திருப்பதைவிட, தேவையில்லாமல் கொடுக்காமலிருப்பதே முதற்கடமை.

அவரவர் கையில் இருப்பது

பண்ணை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு: நெருக்கத்தைக் குறையுங்கள். தரையில் பரப்பிய உமியும் நார்த்தூளும் ஈரமாகாமல் பாருங்கள். தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். கம்பெனி அனுப்பும் தீவனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. மருந்து கொடுத்த தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, ஈரத்தை அடியில் மறைத்தவரைக் கண்டித்ததை நினைவில் வையுங்கள். குறையை மேலே, வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கவேண்டும் என்பதே அங்கே சொன்ன நியதி.

கடைக்காரச் சகோதரர்களுக்கு: கத்தியையும் கட்டையையும் நாள்தோறும் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவிக் காயவையுங்கள். பச்சைக்கறி தொட்ட கையோடு பணத்தையும் தேநீர்க் குவளையையும் தொடாதீர்கள்.

இல்லத்தரசிகளுக்கு: கறிக்கென்று ஒரு பலகையும் கத்தியும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கறியைக் கழுவினால் நீர் தெறித்து நாலாபுறமும் கிருமி பரவும்; பாத்திரத்தில் நீர் ஊற்றி மெதுவாக அலசி, பிறகு அந்த இடத்தையும் கையையும் சோப்பால் கழுவுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் சென்ற வருடம் மிஞ்சிய மாத்திரையைத் தேடாதீர்கள். டாக்டர் சொன்ன மருந்தைச் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

ஜமாஅத்துகளுக்கு: ஒரு வலீமாவுக்கும் ஒரு கந்தூரிக்கும் எத்தனை கோழி வாங்குகிறோம்! தனி ஆள் கேட்டால் சிரிக்கும் வியாபாரி, ஒரு மஹல்லா சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே தீருவார். "தவணை முடிந்த கோழியைத்தான் வாங்குவோம்" என்று ஜமாஅத்து ஒரு தீர்மானம் போட்டால் அதுவும் ஓர் இபாதத்தே.

கோழிக்கடைச் சகோதரர் இப்போது தம் கடையில் புதிய பழக்கம் ஒன்றை வைத்திருக்கிறார். லாரியில் கூடை இறங்கும்போது, "கடைசி மருந்து எப்போது கொடுத்தது?" என்று கேட்கிறார். முதல் மாதம் லாரிக்காரர் சிரித்தார். இரண்டாம் மாதம் பண்ணையில் கேட்டுவந்து சொன்னார். சொன்ன தேதி சரிதானா என்று சோதிக்க இவருக்கு வழியில்லை. ஒருமுறை பதில் சரியில்லை என்று கூடையைத் திருப்பி அனுப்பியதில் அன்றைய வியாபாரம் நட்டமாகிவிட்டது. "உம்மாவுக்கு வந்தது எங்கிருந்து என்று எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை காக்கா. இனி ஒருவருக்குப் போனால் அது என் கையால் போகக்கூடாது" என்றார் என்னிடம்.

ஹஜ்ரத் அவர்களிடம் அவர் கேட்ட மஸ்அலாவுக்கு அவரே தம் நடத்தையால் பதில் தேடிக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிஸ்மி என்பது அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறேன் என்று சொல்வது. அவன் பெயரால் தொடங்கும் காரியம், அவன் படைப்பில் எவருக்கும் தெரிந்தே கேடு செய்யாததாக இருக்கவேண்டாமா?

வல்ல நாயன் நம் உணவை ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்கித் தருவானாக! நம் கையாலும் நம் வயிற்றாலும் நாம் அறியாத எவருக்கும் தீங்கு நேராமல் காப்பானாக! நோயுற்றோருக்கு அவன் அளித்த மருந்துகளின் பலனை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.